வாட்டம்

வீட்டுப் பத்திரத்தில் நான்கு எல்லைகளும் இருக்கின்றன. கிழக்கே பொதுப்பாதை, மேற்கே இன்னாருடைய மனை என்று அடிக்கணக்கோடு. அனுமதி வாங்கிய வரைபடத்தில் அறைகள், சன்னல்கள், மாடிப்படி, கொல்லையில் ஒரு செவ்வகமாக செப்டிக் டேங்க் எல்லாம் உண்டு. குளியலறையிலிருந்து அந்தச் செவ்வகத்துக்குத் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்பது மட்டும் எந்தத் தாளிலும் இல்லை. குழாயைப் புதைத்த மேஸ்திரிக்குத் தெரியும். மண்ணைத் தள்ளி மூடி மேலே சிமென்ட் பூசியதும் அது அவர் நினைவில் மட்டும் இருக்கும். அவர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

எங்கள் வீடு திருமங்கலம் பக்கம், 1994இல் அப்பா கட்டியது. அப்பாவும் இப்போது இல்லை, அந்த மேஸ்திரியும் இல்லை. எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை கிடையாது; வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். அம்மா அங்கே தனியாக இருக்கிறாள். நான் பெங்களூரில் இருக்கிறேன். படித்தது சிவில், பார்ப்பது மென்பொருள் வேலை. தமிழ்நாட்டில் இது ஒரு தனி சாதி என்றே சொல்லலாம்.

ஒரு குழாயில் விரிசல் விழுகிற நாளுக்கும் அது நமக்குத் தெரியவருகிற நாளுக்கும் நடுவே பல மாதங்கள் ஓடிவிடுகின்றன. அந்த மாதங்களில் வீடு ஏதோ ஒரு வகையில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. எப்படி நடக்கிறது, யார் நடத்துகிறார்கள் என்பதைக் குழாயைத் தோண்டியபோதுதான் பார்த்தேன்.

*

ஜூன் மாதம் அம்மாவுக்குக் காய்ச்சல். சிறுநீர்த் தொற்று என்று மருந்து கொடுத்த டாக்டர், “ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?” என்று கேட்டார். “நல்லாவே குடிப்பேன் சார்” என்றாள் அம்மா.

வீட்டுக்கு வந்து சமையலறைக் காலண்டரைப் புரட்டினேன். அம்மா எல்லாவற்றையும் அதில்தான் குறிப்பாள். பால் வராத நாளுக்கு ஒரு புள்ளி, சிலிண்டர் வந்தால் ‘சி’, குடிதண்ணீர்க் கேன் வந்தால் ‘கே’. ஜனவரியில் ஐந்து நாளைக்கு ஒரு ‘கே’ இருந்தது. மார்ச்சில் ஏழு நாளைக்கு ஒன்று. மே மாதத்தில் ஒன்பது நாளைக்கு ஒன்று. குடிக்கவும் சமைக்கவும் சேர்த்து 20 லிட்டர் கேன். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 4 லிட்டராக இருந்தது, இரண்டே கால் லிட்டருக்குக் குறைந்திருக்கிறது. அதுவும் அக்கினி நட்சத்திரத்தில்.

லாக் பார்ப்பது என் தொழில். ஒரு சர்வர் எப்போது தடுமாற ஆரம்பித்தது என்று பின்னோக்கிப் போய்க்கொண்டே இருப்போம். இந்த லாக் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தது.

“என்னம்மா இது?”

“தண்ணி குடிச்சா போகணும்ல தம்பி. போனா, உள்ள போகாம மேல வருது. எத்தன வாளி ஊத்துறது?”

“எப்பருந்து?”

“பொங்கலுக்கப்புறம் இருந்து. கொஞ்சங் கொஞ்சமாத்தான். நீ வர்றப்ப பாத்துக்கிருவோம்னு விட்டுட்டேன்.”

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். கழிப்பறைக்கு ஒரு நாளைக்கு இரண்டே முறை. அதிகாலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. இடையில் தண்ணீர் வடிய நேரம் கொடுக்க வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை. குளிப்பது கொல்லைத் துவைகல்லில், விடிவதற்கு முன்னால். பாத்திரம் கழுவிய தண்ணீரை வாளியில் பிடித்துச் செடிக்கு. மூட்டு வலிக்காகப் போட்ட வெஸ்டர்ன் டாய்லெட்டை, மூட்டு வலியோடு எழுந்து எழுந்து வாளி தூக்கி ஊற்றி ஐந்து மாதம் ஓட்டியிருக்கிறாள்.

எங்கள் வேலையில் இதற்கு ஒர்க்அரவுண்ட் என்று பெயர். பழுதைத் தொடாமல் அதைச் சுற்றிக்கொண்டு போய்க் காரியத்தை நடத்துவது. மென்பொருளில் அந்தச் சுமையை நாலு வரி நிரல் சுமக்கும். இங்கே 63 வயது உடம்பு ஒன்று சுமந்திருந்தது.

*

“டேங்க் நிறைஞ்சிருச்சு தம்பி, வேறொண்ணுமில்ல” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். பிளம்பர் அண்ணன் வந்து டேங்க் மூடியை நகர்த்திப் பார்த்தார். “நிறைஞ்சிருந்தா வாய் வரைக்கும் தண்ணி நிக்கணும். இங்க தண்ணியே வந்து சேரலையே. கோளாறு லைன்ல.”

அம்மாவிடம் சொட்டு நீலம் கேட்டார். அரைப் பாட்டிலை வாளியில் கரைத்துக் கழிப்பறையில் ஊற்றினார். குளியலறையை ஒட்டிய சேம்பர் உடனே நீலமானது. டேங்க் பக்கம் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஒரு சொட்டு நீலமும் வரவில்லை. கொல்லை வேப்பமரத்தடியில் ஈரமாக இருந்த மண்ணைக் கடப்பாரையால் நெம்பியபோது அங்கே நீலம் இருந்தது.

ஆனால் குழாய் எந்த வழியாகப் போகிறது? இரண்டு வழிகளில் ஒன்றாக இருக்க வேண்டும். சேம்பரிலிருந்து சமையலறை மூலைக்கு அடியில் குறுக்காகப் போனால் 22 அடி. பக்கவாட்டுச் சந்தில் 21 அடி நேராகப் போய், மரத்தருகே திரும்பி 7 அடி போனால் 28 அடி. முதலாவது என்றால் சமையலறைத் தரையை உடைக்க வேண்டும். அம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்பா வீடு கட்டிய ரசீதுகள் எல்லாம் ஒரு மஞ்சப்பையில் பத்திரமாக இருந்தன. ஹார்டுவேர் கடைச் சீட்டு ஒன்றில் ‘4 இன்ச் கல் பைப் - 16’ என்று இருந்தது. அந்தக் காலத்து ஸ்டோன்வேர் பைப் ஒன்று 2 அடி நீளம். பதினாறில் இரண்டு மிச்சமாகி, கிணற்றடியில் நட்டுவைத்த நிலையில் இருக்கின்றன. அம்மா அவற்றில் கற்றாழை வளர்க்கிறாள். மீதி பதினாலு. பதினாலு இரண்டு இருபத்தெட்டு. சமையலறை தப்பித்தது.

“இன்ஜினியருன்னா இதான்” என்று சிரித்தார் பிளம்பர் அண்ணன். ஆனால் அடுத்து அவர் செய்ததுதான் இன்ஜினியரிங். 28 அடியையும் உடைக்கவில்லை. சந்தின் நடுவில் ஒரே ஒரு குழி. “இங்க பைப்புல தண்ணி நின்னா அடைப்பு இதுக்குக் கீழ. காஞ்சு கெடந்தா இதுக்கு மேல.” பாதியைக் கழித்துப் பாதியில் தேடு என்பதைக் கல்லூரியில் ஒரு பருவம் முழுக்க எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். தண்ணீர் நின்றது. அடுத்த குழி மரத்தடித் திருப்பத்தில். அங்கேதான் இருந்தது.

*

ஸ்டோன்வேர் குழாயைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஊறுகாய் ஜாடியின் அதே பழுப்புப் பளபளப்பு. சூளையில் சுட்ட மண்தான். கிட்டத்தட்ட முப்பது வருடம் கழிவு ஓடியும் உள்பக்கம் ஒரு அரிப்பு இல்லை. கீழடியில் கிடைத்த வடிகால்களில் சுடுமண் உருளைக் குழாய்களும் உண்டு. எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் அந்த ஊரில், இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே மண்ணைச் சுட்டு அழுக்குத் தண்ணீரை வழியனுப்பி வைத்தவர்கள் இருந்திருக்கிறார்கள். சுட்ட மண் தாங்கும். தாங்காதது மூட்டு.

ஒரு குழாயின் அகன்ற வாய்க்குள் அடுத்த குழாயின் நுனியைச் செருகி, சுற்றிலும் சணல் திணித்து, சிமென்ட் கலவையால் பூசுவது பழைய முறை. பூச்சு இறுகியதும் 28 அடியும் ஒரே கட்டையாகிவிடும். எங்கள் மண்ணோ கரிசல். ஐப்பசி மழையில் குடித்து உப்பும், பங்குனி வெயிலில் பாளம் பாளமாக வெடித்துச் சுருங்கும். வருடா வருடம் மண் தூக்கி இறக்கும்போது வளையத் தெரியாத கட்டை எங்காவது விட்டுத்தான் ஆக வேண்டும். அது வழக்கமாகத் திருப்பத்தில் விடும். திசை மாறுகிற இடத்தில் ஒரு சேம்பர் கட்ட வேண்டும் என்பது பாடம். இங்கே ஒரு வளைவைப் போட்டு அப்படியே புதைத்திருந்தார்கள்.

மயிரிழை விரிசல். அதில் கசிந்த ஈரத்தைத் தேடி வேம்பின் வேர் வந்திருக்கிறது. நுழைந்த இடத்தில் நூல் பருமன்தான். உள்ளே போனபின் தண்ணீரும் சத்தும் கேட்காமலே கிடைக்க, இரண்டடி நீளத்துக்கு ஒரு குதிரைவால் போல அடர்ந்து குழாயை நிறைத்திருந்தது. தண்ணீர் மெதுவாக வடியும், மற்றதெல்லாம் அந்த நாரில் மாட்டிக்கொள்ளும்.

“மரத்த வெட்டிருங்க. இல்லாட்டி திரும்பவும் வரும்” என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

“அது பாட்டுக்குத்தான் நின்னுச்சு” என்றாள் அம்மா. “தண்ணிய அது காலடியில கொண்டுபோயி விட்டது நாமதான.”

*

வேரை இழுத்தபோது அதற்குப் பின்னால் தேங்கியிருந்தது திருப்பத்தில் வெட்டிய குழியில் வந்து நின்றது. இந்த இடத்தில் இருந்துதான் எல்லாருடைய பேச்சும் மாறியது.

பிளம்பர் அண்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு அடி தள்ளி நின்றார். உதவிக்கு வந்திருந்தவரைப் பார்த்து, “டேய், வந்து அள்ளு” என்றார். பிளம்பர் அண்ணனுக்கு நாற்பது இருக்கும். உதவிக்கு வந்தவருக்கு ஐம்பத்தைந்துக்குக் குறையாது. அவர் ஒன்றும் சொல்லாமல் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். பைப், மட்டம், பசை எல்லாம் ஒருவர் வேலை. அள்ளுவது இன்னொருவர் வேலை. அதை யாரும் பிரித்துக் கொடுத்ததாகத் தெரியவில்லை. வரும்போதே பிரிந்துதான் வந்திருந்தது.

ஹார்டுவேர் கடையில் முழங்கை வரைக்கும் வரும் ரப்பர் கையுறை இரண்டு ஜோடி வாங்கி வந்தேன். ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டு மற்றொன்றைப் போட்டுக்கொண்டு நானும் உட்கார்ந்தேன். “சார், நீங்க விடுங்க சார்” என்றார் இருவருமே. பத்து நிமிடத்தில் அவர் தன் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டார்.

“போட்டுக்கங்கண்ணே.”

“கைக்கு ஆம்புடல சார். வேரு எது, மண்ணு எதுன்னு தெரிய மாட்டேங்குது.”

அது உண்மைதான் என்று எனக்கே தெரிந்தது. தடித்த ரப்பருக்குள்ளிருந்து நான் இழுத்ததில் பாதி அறுந்து உள்ளேயே நின்றது. மலிவான கையுறை என்பது வேலை செய்பவரின் விரல்களை யோசிக்காமல் செய்த பொருள். ஆள் போடவில்லை என்று அவர்மேல் சொல்வது சுலபம். மாலையில் மெல்லிய நைட்ரைல் கையுறை ஒரு பெட்டி கிடைத்தது. மறுநாள் அதை இரண்டிரண்டாகப் போட்டுக்கொண்டார், கடைசிவரை கழற்றவில்லை.

டேங்கையும் ஒரேயடியாகச் சுத்தம் செய்துவிடலாம் என்று லாரிக்குச் சொல்லியிருந்தோம். “லாரி மேல உள்ளத மட்டுந்தான் இழுக்கும். அடியில கட்டியா இருக்கும். ஒரு ஆள எறக்கி விடுங்க, ஐநூறு ரூவா சேத்துக் குடுத்தா வழிச்சுக் குடுத்துருவாய்ங்க” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நல்ல மனிதர். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றதும் கஞ்சி கொண்டுவந்தவர் அவர் மனைவிதான்.

இந்த ‘எறக்கி விடுவது’ பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காற்றில்லாமல் கழிவு அழுகும் இடத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகிறது. காற்றைவிடக் கனமானது, குழிக்குள்ளேயே தங்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். 100 பிபிஎம் அளவுக்குப் போனால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. சில நூறைத் தாண்டினால் மயக்கம். 1000ஐ நெருங்கினால் ஓரிரு மூச்சு போதும். ‘நாத்தமே இல்ல, எறங்கலாம்’ என்று இறங்குகிறவர் அதனால்தான் திரும்புவதில்லை. அவரைத் தூக்க இறங்குகிற இரண்டாமவரும், மூன்றாமவரும்.

கையால் மலம் அள்ள ஆள் வைப்பதைத் தடைசெய்த முதல் மத்தியச் சட்டம் 1993இல் வந்தது. எங்கள் வீட்டுக்கு ஒரு வயது மூத்தது. 2013இல் வந்த சட்டம் சாக்கடைக்கும் செப்டிக் டேங்குக்கும் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதையும் குற்றமாக்கியது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், 1993க்குப் பிறகு இப்படி இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்ச ரூபாய் தரச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்துகொண்டே போவதிலேயே தெரிகிறது, ஆட்கள் இன்னும் இறக்கப்படுகிறார்கள். அவர்கள் எந்தச் சாதியினர் என்பதற்குப் புள்ளிவிவரம் தேட வேண்டியதில்லை. நம் தெருவில் யாரைக் கூப்பிடுவோம் என்று யோசித்தாலே போதும்.

இதில் கசப்பான விஷயம், அந்த வழித்தெடுக்கும் வேலைக்கே தேவையில்லை என்பது. டேங்கின் அடியில் கொஞ்சம் சேறு தங்க வேண்டும். கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அதில்தான் இருக்கின்றன. கட்டியாக இருந்தால் உறிஞ்சிய தண்ணீரையே திரும்பப் பீய்ச்சிக் கலக்கி மறுபடி இழுக்கலாம். லாரிக்காரர் அப்படித்தான் செய்தார். முக்கால் மணி நேரம். யாரும் இறங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “பரவாயில்லையே” என்றார். அவருக்கும் அடுத்த வாரம் லாரி வந்தது. கூட ஆள் வரவில்லை.

*

புது லைனுக்கு ஒட்டுப் போடும் யோசனையை பிளம்பர் அண்ணன் முதலிலேயே தள்ளிவிட்டார். “ஒரு மூட்ட சரி பண்ணா அடுத்த மூட்டு விடும். பதிமூணு இருக்கு.” 110 மில்லி எஸ்.டபிள்யூ.ஆர் பைப், பத்தடி நீளத்தில் மூன்று. பதிமூன்று மூட்டு இருந்த இடத்தில் இப்போது எண்ணி நாலே நாலு. ஒவ்வொன்றிலும் ஒரு ரப்பர் வளையம். மண் தூக்கினால் கொஞ்சம் அசைந்து கொடுக்கும், கசியாது. பள்ளத்தின் அடியில் நாலு அங்குலம் எம் சாண்ட் மெத்தை. கல் ஒன்று அடியில் குத்திக்கொண்டிருந்தால் பத்து வருடத்தில் அந்த இடத்தில் நசுங்கும். திருப்பத்தில் மூடி போட்ட ஒரு சேம்பர்.

பிறகு வாட்டம். சரிவுக்குக் கட்டட வேலையில் இருக்கும் அழகான சொல். செடி வாடுவதற்கும் மனிதர் சோர்வதற்கும் அதே சொல்தான். ‘வாட்டம் சரியில்ல’ என்று கொத்தனார் சொன்னால் தண்ணீர் தேங்கும் என்று அர்த்தம். கல்லூரியில் இதை நாங்கள் வேகமாகப் படித்தோம்: கழிவு படியாமல் தன்னைத்தானே கழுவிக்கொண்டு போக நொடிக்கு 0.6 மீட்டராவது வேகம் வேண்டும், 4 அங்குலக் குழாய்க்கு 40க்கு 1 சரிவு. பிளம்பர் அண்ணன் கணக்கு அடிக்குக் கால் அங்குலம். அதாவது 48க்கு 1. டேங்க் வாயின் உயரத்தை மாற்ற முடியாது. இருந்த உயரத்தில் 28 அடிக்கு 7 அங்குலம்தான் கிடைத்தது. அவர் கணக்கு அப்படியே வந்தது.

அதைப் பார்த்த கருவி, தண்ணீர் நிரப்பிய இருபதடி டியூப். ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை உதவிக்கு வந்த அண்ணன் பிடித்தார். இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் வந்து நின்றது. யார் பிடித்தாலும் நிற்கும். பழைய லைனையும் அதே டியூபில் பார்த்தோம். நடுவில் இரண்டு அங்குலம் தொய்ந்து, மேடு ஏறிப் போயிருந்தது. தண்ணீர் மேடேறாது. அது வரவர அம்மா தன் நாளைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

மண் தள்ளுவதற்கு முன் மறுபடி சொட்டு நீலம். பதினைந்து நொடிக்குள் டேங்க் வாயில் நீலம் விழுந்தது. அம்மா “அவ்வளவுதானா?” என்றாள். லைனை அளந்து, மூலைக்கு மூலை தூரமும் ஆழமும் குறித்து ஒரு படம் வரைந்து, லேமினேட் செய்து மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டேன்.

*

ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். வேலை நடந்த முதல் நாள் அம்மா டீ கொண்டுவந்தது பேப்பர் கப்பில். மூன்று பேருக்கும். பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. இரட்டைக் குவளை இருந்த ஊர்களில் இன்று பேப்பர் கப் இருக்கிறது. எல்லாருக்கும் ஒன்றே என்பதுபோல் தெரியும், யாருடைய எச்சிலையும் யாரும் கழுவ வேண்டாம் என்ற வசதியும் கிடைக்கும்.

உள்ளே போய்க் கேட்டேன். “எதுக்கும்மா பேப்பர் கப்பு?”

“நான் பிப்ரவரிலருந்து இதுலதாம்ப்பா குடிக்கிறேன். டம்ளர் கழுவுனா தண்ணி எங்க போறது?”

அலமாரியில் பாதி தீர்ந்த கட்டு இருந்தது. அது உண்மைதான். நான் நினைத்ததும் இந்த ஊரில் பொய்யில்லை. இரண்டில் எது என்று அந்தக் கப்பைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

மூன்றாம் நாள் மதியம் லைன் ஓடத் தொடங்கிய பிறகு, டீ எவர்சில்வர் டம்ளரில் வந்தது. திண்ணையில் மூவரும் குடித்தோம். பிளம்பர் அண்ணன் டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டு போனில் அடுத்த வேலைக்குப் பேசப் போனார். நானும் வைத்தேன். உதவிக்கு வந்த அண்ணன் மட்டும் தன் டம்ளரைக் கொல்லைக் குழாய்க்குக் கொண்டுபோய், உள்ளும் வெளியும் தேய்த்துக் கழுவி, திண்ணை ஓரத்தில் கவிழ்த்து வைத்தார். யாரும் அவரைக் கழுவச் சொல்லவில்லை. என்றோ, எங்கோ சொல்லியிருக்கிறார்கள்.

“வச்சிருங்கண்ணே” என்று சொல்ல வாயெடுப்பதற்குள் முடிந்துவிட்டது. அவர் கழுவிய தண்ணீர் புதுக் குழாயில் இறங்கிப் போகும் சத்தம் சேம்பரில் கேட்டது. அம்மா வந்து மூன்று டம்ளரையும் ஒரே கையில் அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். சிங்க்கில் தண்ணீர் விழுந்தது. மூன்றையும்தான் கழுவினாள்.